‘ஹயாத்து அவ்வளவுதான்’ என்று சொல்வதற்கு முன்...



சில மாதங்களுக்கு முன் எங்கள் மஹல்லாவில் ஒரு ஜனாஸா. மய்யித்துக்கு வயது 16. பதினொன்றாம் வகுப்பு மாணவன். அஸருக்குப் பிறகு தங்கையை டியூஷனிலிருந்து அழைத்துவர ஸ்கூட்டரை எடுத்தவன், வழியில் நண்பர்கள் இருவரை ஏற்றிக்கொண்டு, புறவழிச்சாலையில் விளக்கின்றி நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் மோதினான். அவனுடைய தலைக்கவசம் வீட்டு அலமாரியின் மேல் இருந்தது. வாப்பா வளைகுடாவில். அவர் விடுப்பும் விமானச் சீட்டும் பெற்று ஊர் வந்து சேர்ந்தபோது மகனுடைய கப்ரின் மண் காய்ந்திருந்தது.

தஃஸியத்துக்கு வந்த ஒவ்வொருவரும் அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைச் சொன்னோம். “அவனுக்கு ஹயாத்து அவ்வளவுதான் காக்கா. பொறுமையாக இருங்கள்.” நானும் அதையே சொன்னேன். சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்தபோது, மீசை அரும்பாத மூன்று பிள்ளைகள் ஒரே பைக்கில், தலையில் தொப்பியோடு, அதே ஜனாஸா வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். ஜமாஅத்தின் பெரியவர்கள் நான்கு பேர் வாசலில் நின்றிருந்தோம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த மௌனத்தைப் பற்றியே இக்கட்டுரை.

விதியை நம்புவது ஈமானின் கடமைகளில் ஒன்று. ஒவ்வோர் ஆன்மாவுக்கும் தவணை குறிக்கப்பட்டிருக்கிறது என்பதில் முஸ்லிமுக்கு ஐயமில்லை. அந்த நம்பிக்கை, பறிகொடுத்தவனைப் பைத்தியமாகாமல் காப்பாற்றும் அருமருந்து. ஆனால் மருந்தை நோய் வந்தபின் உண்ண வேண்டும். துன்பம் நேர்ந்தபின் ஆறுதலாக அருளப்பட்ட கத்ரின் மீதான நம்பிக்கையை, துன்பம் நேருமுன்னரே அலட்சியத்துக்குப் போர்வையாக நாம் பயன்படுத்திவருகிறோம். இது தவக்குல் ஆகாது. தவக்குலின் பெயரால் நடக்கும் பொறுப்புத் துறப்பு.

நம் மார்க்கம் இதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள்.

ஒட்டகத்தைக் கட்டாமல் அல்லாஹ்வை நம்பிவிடட்டுமா என்று வினவியவரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பு என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததை (திர்மிதீ) நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டு, ஸர்ஃக் என்னுமிடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்வியுற்றுத் திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின்பால் செல்கிறோம் என்பதே உமர் (ரலி) அவர்களின் மறுமொழியின் சாரம். ஒரு பக்கம் செழிப்பும் மறுபக்கம் வறட்சியும் உள்ள பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது விதிப்படியே என்றாலும், மேய்ப்பன் செழிப்பான பக்கத்தையே தேடுவான் என்றும் விளக்கினார்கள் (புகாரீ). தலைக்கவசம் அணிந்து போவதும் விதிதான். சாவியைப் பூட்டிவைப்பதும் விதிதான். செழிப்பான பக்கத்தை விட்டுவிட்டு வறண்ட பக்கத்துக்கு ஒட்டகத்தை ஓட்டிய பிறகு, மேய்ச்சல் கிடைக்கவில்லை என்று வானத்தைக் காட்டுவதுதான் விதியை இழிவுபடுத்துவது.

இரவில் உறங்குமுன் விளக்கையும் நெருப்பையும் அணைக்கச் சொன்ன மார்க்கம் இது. பள்ளிவாசலுக்குள் அம்புகளோடு வருபவர் பிறர்மீது படாதவாறு அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கற்பித்த மார்க்கம் இது. கைப்பிடிச் சுவரில்லாத மொட்டை மாடியில் உறங்குகிறவர் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்து நீங்கியவராகிறார் என்று எச்சரிக்கும் நபிமொழி அபூதாவூதில் உண்டு. விளக்கு, அம்பு, மாடிச்சுவர் ஆகியவற்றைப் பற்றியெல்லாம் அக்கறை கொண்ட தீன், 110 சிசி எந்திரத்தின் மீது அமர்ந்திருக்கும் நம் பிள்ளையைப் பற்றி மட்டும் மௌனம் காக்கும் என்று எண்ணுகிறோமா?

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றுவிட்டவர் குறித்து அந்நிஸா அத்தியாயத்தின் 92 ஆவது வசனம் பேசுகிறது. கொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. இருந்தும் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு தர வேண்டும், ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும், இயலாவிடில் இரண்டு மாதங்கள் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும் என்று விதிக்கிறது. அதனைத் தவ்பாவாகவும் குறிப்பிடுகிறது. எண்ணமில்லாத செயலுக்கு எதற்காகத் தவ்பா? கவனக்குறைவும் கணக்கில் வரும் என்பதற்காகத்தான். மேலும், தவறுதலான கொலைக்குரிய இழப்பீட்டைச் செய்தவர் தனியாகச் சுமப்பதில்லை. அவருடைய ‘ஆகிலா’, அதாவது தந்தைவழி உறவினர் கூட்டம், அதைப் பகிர்ந்து சுமக்கிறது என்பது ஃபிக்ஹு நூல்களில் அறியப்பட்ட சட்டம். ஒருவனுடைய கவனக்குறைவு அவனைச் சூழ்ந்தோரின் பொறுப்பும்கூட என்பதை ஷரீஅத் 1400 ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது. நாமோ, “இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொன்ன பேச்சு கேட்பதில்லை” என்று முழுப் பழியையும் 16 வயதின் மீது இறக்கிவைக்கிறோம்.

உலகளவில் 5 முதல் 29 வயதுக்குட்பட்டோரின் இறப்புக்குச் சாலை விபத்துகளே முதற்காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆண்டுக்கு ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலைகளில் மடிகிறார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏழை நாடுகளையும் நடுத்தர வருவாய் நாடுகளையும் சேர்ந்தவர்கள். இறப்பவர்களில் ஆண்கள் பெண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. விபத்து குருட்டுத்தனமாக வருவதென்றால் அது எல்லோர் வீட்டுக்கும் சமமாக வந்திருக்க வேண்டும். அது வயது பார்த்து, பால் பார்த்து, வருவாய் பார்த்து வருகிறது. அப்படியானால் அதற்குக் காரணங்கள் உண்டு. காரணங்கள் இருந்தால் தடுப்பும் உண்டு.

நம் சமுதாயத்துக்கே உரிய காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். கோபிப்பவர்கள் கோபிக்கட்டும்.

நம் ஊர்களில் பல வீடுகளின் ஆண்கள் கடல் கடந்து இருக்கிறார்கள். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும். மருந்து வாங்க, கேஸ் புத்தகம் கொண்டுபோக, தங்கையை மதரஸாவில் விட, பெரியம்மா வீட்டுக்குச் சோறு கொடுத்துவர யார்? எட்டாம் வகுப்பு படிக்கும் மகன். வாப்பாவின் இடத்தில் அவனை நாம் உட்கார்த்திவிட்டோம். அந்தப் பொறுப்பைச் செய்வதற்கு வண்டியும் கொடுத்தோம். “பையன் இப்போதே எல்லா வேலையும் பார்க்கிறான்” என்று பெருமையும் பட்டோம். பெரிய மனிதனின் சுமையைச் சுமப்பவன், பெரிய மனிதனின் வேகத்தையும் தன் உரிமையாக நினைப்பதில் வியப்பென்ன?

அதே வீட்டின் தாய், முறையாக ஓட்டுநர் உரிமம் பெற்று, ஹிஜாபோடும் கண்ணியத்தோடும் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு மகளை மதரஸாவில் விட்டால், தெருவில் எத்தனை நாக்குகள் அசையும்! உரிமமுள்ள 35 வயதுப் பெண் ஓட்டினால் ‘ஒரு மாதிரி’. உரிமமற்ற 14 வயதுச் சிறுவன் ஓட்டினால் ‘பொறுப்பான பிள்ளை’. எந்த ஆயத்திலிருந்து, எந்த ஹதீஸிலிருந்து இந்த அளவுகோலைப் பெற்றோம்? ஊர் வழக்கத்தைத் தீன் என்று எண்ணியதற்கு நாம் கொடுத்துவரும் விலை, பிள்ளைகளின் மண்டையோடு.

அடுத்தது பரிசு வண்டி. பத்தாம் வகுப்பில் மதிப்பெண் எடுத்தால் வண்டி, பெருநாளைக்கு வண்டி, சில வீடுகளில் குர்ஆன் ஓதி முடித்ததற்கும் வண்டி. பிரிந்திருக்கும் தந்தையின் குற்ற உணர்ச்சிக்கு இதைவிட எளிதான பரிகாரம் இல்லை. அவருடைய வேதனையை நான் கொச்சைப்படுத்தவில்லை. மகன் வளர்வதைக் கைப்பேசித் திரையில் மட்டும் பார்ப்பவருடைய அன்புக்கு வேறு வழி தெரிவதில்லை. எனினும் கேட்க வேண்டியிருக்கிறது: மகனுக்கு வாங்கிக் கொடுத்தது வண்டியையா, அல்லது மனைவி இனிமேல் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாத ஒரு நிலைமையையா? தந்தை அங்கிருந்து வாங்கிக் கொடுத்துவிட்டார், தாய் இங்கிருந்து சாவியைப் பிடுங்க முடியாது. ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தம் மந்தை குறித்து விசாரிக்கப்படுவார் என்னும் நபிமொழியில் (புகாரீ, முஸ்லிம்) ஆணும் பெண்ணும் தனித்தனியே குறிப்பிடப்படுகிறார்கள். வெளிநாட்டில் இருப்பதால் அந்த விசாரணையில் விலக்கு உண்டு என்று அதில் இல்லை.

நாட்டின் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் பொது இடத்தில் வாகனம் ஓட்டக் கூடாது. 16 வயது நிரம்பியவருக்கு 50 சிசிக்கு மிகாத வண்டி மட்டும், அதுவும் உரிமத்தோடு. நம் பிள்ளைகள் ஓட்டுபவை அந்த வகையல்ல என்பது நமக்கே தெரியும். 2019 இல் சேர்க்கப்பட்ட 199அ பிரிவின்படி, சிறுவர் வாகனக் குற்றம் புரிந்தால் பெற்றோரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளை 25 வயது வரை உரிமம் பெற முடியாது. நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் தலைக்கவசமின்றி இரு சக்கர வாகனத்தில் செல்லக் கூடாது என்கிறது 129 ஆவது பிரிவு. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு அதில் விலக்கு உண்டு. நம் தொப்பிக்கு இல்லை. தலைக்கவசம் இறப்பின் அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காயத்தின் அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று ஆய்வுகளைத் தொகுத்தறிந்தவர்கள் சொல்கிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது நம் பிள்ளைகள் இயற்பியல் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கிய செய்தி.

இதுவரை வசதியுள்ள வீடுகளைப் பேசினேன். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வண்டி இல்லை. அவனுக்குப் படிக்கட்டு இருக்கிறது. காலையில் ஒரே ஒரு பேருந்து, அதில் மூன்று பள்ளிகளின் பிள்ளைகள். 2012 டிசம்பரில் சென்னைப் பெருங்குடி அருகே பேருந்தில் தொங்கிச் சென்ற நான்கு மாணவர்கள் லாரி மோதி மாண்டார்கள். தொங்கியது அவர்களுடைய திமிர் என்று பலரும் பேசினார்கள். உள்ளே இடமிருந்தும் தொங்கும் பிள்ளையும் உண்டு, நான் மறுக்கவில்லை. உள்ளே இடமில்லாமல் தொங்கும் பிள்ளைக்கு அறிவுரை எதற்கு? அவனுக்குத் தேவை இன்னொரு பேருந்து.

பிள்ளைகள் ஒழுங்காக இருந்தும் மடிந்த இடங்கள் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரை வகுப்பறைகள் தீப்பற்றி 94 குழந்தைகள் கருகினார்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் கால்பந்துப் போட்டிக்குச் சென்ற புதுக்கோட்டை மாவட்டத்து மாணவிகள் நால்வர் மாயனூர்க் காவிரியில் மூழ்கினார்கள். இவற்றில் எந்தப் பிள்ளை வேகமாக ஓட்டியது? எந்தப் பிள்ளை பேச்சு கேட்கவில்லை? பெரியவர்கள் கட்டிய கூரை, பெரியவர்கள் பார்த்துக்கொள்ளாத சுவர், பெரியவர்கள் நீந்தக் கற்றுக்கொடுக்காத பிள்ளைகள். நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளிலும் மதரஸாக்களிலும் மாடிக் கைப்பிடிச் சுவர், மின்கம்பி, தண்ணீர்த் தொட்டி, வேன் ஆகியவற்றைக் கடைசியாகச் சோதித்தது எப்போது என்று நிர்வாகிகள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

இனி, எனக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றுக்கு விடை.

“பிள்ளையைப் பறிகொடுத்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறீர்களே?” இல்லை. மய்யித்து வீடு உபதேசத்துக்குரிய இடமன்று. அங்கே ஆறுதல் மட்டுமே சுன்னத். அந்தத் தாயிடம் எவரும் ‘ஏன் சாவியைக் கொடுத்தாய்’ என்று கேட்டுவிடாதீர்கள். அவள் அதைத் தன்னிடமே கேட்டுக்கொண்டு இரவுகளைக் கழிக்கிறாள். நான் கேட்பது, இன்னும் பிள்ளையை இழக்காத நம்மிடம். ஜனாஸா வீட்டில் பேசக் கூடாததை ஜும்ஆ மேடையிலாவது பேச வேண்டாமா?

“போலீஸ்காரர் பணம் பிடுங்கத்தான் இந்தச் சட்டமெல்லாம்.” சில இடங்களில் அப்படியும் நடக்கலாம். அதனால் மண்டையோடு கெட்டியாகிவிடாது. தாமும் தீங்கடையக் கூடாது, பிறருக்கும் தீங்கிழைக்கக் கூடாது என்னும் நபிமொழி (இப்னுமாஜா) காவலர் நல்லவரா கெட்டவரா என்று பார்த்துக் கடமையாவதில்லை. நம் பிள்ளை விழுவது மட்டுமன்றி, அவன் மோதிச் சாய்க்கும் நடைபாதைக் கிழவரும் ஒருவருடைய வாப்பாதான்.

“பதினாறு வயதில் நாங்கள் ஓட்டவில்லையா?” ஓட்டினோம். அன்று சாலையில் இத்தனை வண்டியில்லை, கையில் கைப்பேசியில்லை. அத்துடன், இதைக் கேட்பவர்கள் எல்லோரும் பிழைத்தவர்கள். பிழைக்காதவர்கள் வந்து பதில் சொல்ல முடியாது.

விமர்சித்ததோடு நிறுத்தினால் அது கடமையைப் பாதியில் விடுவதாகும். ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் செய்யக்கூடியவை சில:

முதலாவது, 18 வயது நிரம்பாதவர் ஓட்டிவரும் வண்டிக்குப் பள்ளிவாசல் வளாகத்தில் இடமில்லை என்று அறிவியுங்கள். திருமணத்துக்கும் மய்யித்துக்கும் விதிகள் வகுக்கத் தெரிந்த ஜமாஅத்துக்கு இது இயலாததன்று. ரமளான் தராவீஹுக்குப் பின்னும் பெருநாள் மாலையிலும் நடக்கும் பைக் ஊர்வலங்களைப் பெரியவர்கள் நேரில் நின்று தடுங்கள்.

இரண்டாவது, ஆண் துணை வெளிநாட்டில் இருக்கும் வீடுகளின் வெளிவேலைகளுக்கு ஓர் ஏற்பாடு செய்யுங்கள். நான்கு வீடுகள் சேர்ந்து ஓர் ஆட்டோவை மாத வாடகைக்கு அமர்த்தலாம். விரும்பும் பெண்களுக்கு உரிமம் பெற உதவலாம். குறைந்தது, ஓட்டுபவர்களைத் தூற்றும் நாக்குகளையாவது அடக்கலாம்.

மூன்றாவது, பேருந்து. காலை எத்தனை மணிக்கு எத்தனை மாணவர் தொங்குகிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணி எழுதி, எல்லாச் சமயத்து ஊர்ப் பெரியவர்களும் கையெழுத்திட்டுப் போக்குவரத்துக் கழகத்திடமும் ஆட்சியரிடமும் கொடுங்கள். படிக்கட்டுக்குச் சாதி மதம் இல்லை.

நான்காவது, மிதிவண்டி. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி தரப்படுகிறது. அதை விற்றுவிட்டு வண்டிக்கு முன்பணம் கட்டும் பெருமை நமக்கு வேண்டாம்.

ஐந்தாவது, நீச்சல். ஆண் பிள்ளைகளுக்கும், பெண் பிள்ளைகளுக்குத் தனி இடத்திலும் நேரத்திலும், கற்றுக்கொடுங்கள்.

ஆறாவது, விபத்து நேர்ந்துவிட்டால் கூட்டமாக நின்று படம் எடுக்காமல் 108 ஐ அழையுங்கள். உதவியவரைக் காவல்துறை அலைக்கழிக்கக் கூடாது என்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. இவற்றை வெள்ளிக்கிழமை அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள். ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்னும் அல்மாயிதாவின் 32 ஆவது வசனத்தை மேடையில் ஓதுவதோடு நிறுத்த வேண்டாம்.

அந்த வாப்பா திரும்பிப் போவதற்கு முந்தைய நாள், இஷாவுக்குப் பிறகு பள்ளியில் என் அருகில் அமர்ந்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எல்லாரும் ஹயாத்து அவ்வளவுதான்னு சொன்னீங்க. அது சரிதான். ஆனா அவன் ஆறு மாசமா அந்த வண்டியில நம்ம தெருவுலதானே போனான்? ஒருத்தரும் எனக்கு ஒரு போன் போடலியே காக்கா” என்றார்.

என்னிடம் விடையில்லை. மறுமையில் இதே கேள்வி வேறோர் இடத்திலிருந்து கேட்கப்படும்போதும் நமக்கு விடையில்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதினேன். உங்கள் தெருவில் இன்று மாலை வண்டியில் போகும் அந்தப் பிள்ளையின் வாப்பாவுக்கு, இன்றே ஒரு போன் போடுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். மகன் உயிரோடு இருக்கும்போது வரும் கோபம் அது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உயிரையும் உடலையும் காப்பானாக. அவர்கள் விஷயத்தில் நம் பொறுப்பை நிறைவேற்றும் தவ்ஃபீக்கை நமக்கு அருள்வானாக. ஆமீன்.